கழித்த கல்லும் உலைச்சூடும்

இரத்தினபுரிக்குச் செய்தி சேகரிக்கச் சென்ற காலங்களில் அடிக்கடி என் காதில் விழுந்த சொல் 'கெவுடா'. பால் கலந்ததுபோல் மங்கிய குருந்தக் கல் அது. 1970களுக்கு முன்னர் அதைச் சீந்துவாரில்லை. பின்னர் தாய்லாந்து வணிகர் வந்து மலிவாக அள்ளிச் சென்றனர்.

ஒட்சிசன் குறைந்த உலையில் 1600 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றினால், கல்லினுள் பட்டிழைபோல் கிடக்கும் ரூட்டைல் ஊசிகள் கரையும். அதிலுள்ள டைட்டேனியம் இரும்புடன் இணைந்து நீலம் தரும். கல் உருகுவதில்லை, மங்கல் மட்டுமே மறையும். சூட்டை அவசரமாக ஏற்றினாலோ இறக்கினாலோ கல் வெடித்துவிடும். பொறுமைதான் பாதித் தொழில்.

சுடுவது நமக்குப் புதிதன்று. ஊதுகுழலும் கரியும் கொண்டு மாணிக்கத்தின் நீலச்சாயலை நீக்கும் கைவினை இத்தீவில் நெடுங்காலம் இருந்தது. ஆனால் அச்சூடு கெவுடாவுக்குப் போதாது. இத்தனைக்கும் இதே சபரகமுவவில், சமனலவெவச் சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கியவர்கள் முதலாம் ஆயிரமாண்டிலேயே வாழ்ந்தனர். அகழாய்வு செய்த கில் ஜூலெஃப் 1996இல் அதை உலகுக்கு அறிவித்தார்.

ஓடையில் கல் அரித்துப் பிழைத்த ஒரு லயத்து முதியவரிடம், கெவுடாவை என்ன விலைக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"கொடுத்தது நினைவிருக்கு, ஐயா. நீலமான பிறகு அதைக் கண்முன்னே வைத்தாலும் என்னுடையதென்று எனக்குத் தெரியாதே" என்றார்.