முத்துப்பிள்ளைக் கருப்பம்: கண்காணிப்பு பிறந்த வரலாறு

கருவுற்ற பெண்கள் சிலருக்குக் குழந்தை உருவாகாமல், நஞ்சுக்கொடித் திசு மட்டும் நீர் நிறைந்த முத்துக்கள்போல் திரண்டு வளர்வதுண்டு. இதனைத் தமிழில் முத்துப்பிள்ளைக் கருப்பம் என்பர். அத்திசுவை அகற்றியதும் பெரும்பாலோர் நலம் பெறுவர். ஆனால் சிலரிடம் எஞ்சிய திசு மீண்டும் வளரும். அரிதாகக் கோரியோகார்சினோமா என்னும் புற்றுநோயாகவும் மாறும். அந்நோய் நுரையீரல் முதலிய உறுப்புகளுக்குப் பரவியபின் பிழைத்தோர், 1956-க்கு முன் மிகச் சிலரே.

நோயைக் காட்டும் அடையாளம் முன்னரே கிடைத்திருந்தது. 1920-களின் இறுதியில் பெர்லினில் அஷ்ஹைம், சோண்டெக் என்னும் அறிஞர் இருவர், பெண்ணின் சிறுநீரை இளஞ் சுண்டெலிகளுக்கு ஊசிமூலம் செலுத்திக் கருப்பத்தை அறியும் முறையைக் கண்டனர். அச்சோதனைக்கு அடிப்படையான ஹார்மோனை இன்று எச்.சி.ஜி. என்கிறோம். முத்துப்பிள்ளைத் திசுவும் இதனையே சுரக்கிறது. ஆகவே கருப்பை வெறுமையான பின்னும் அது குறையாதிருப்பின், உடலில் எங்கோ அத்திசு உயிரோடிருக்கிறது என்பது பொருள்.

மருந்து அடுத்து வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் தலைமை தாங்கிய ஆய்வுக்குழு, 1940-களில் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தை ஆக்கியது. 1956-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் மின் சியூ லீ என்னும் சீன மருத்துவர், ராய் ஹெர்ட்ஸ் முதலியோருடன் சேர்ந்து, அம்மருந்தால் பரவிய கோரியோகார்சினோமா மறைந்ததை வெளியிட்டார்.

இங்கேதான் பிணக்கு எழுந்தது. கட்டிகள் மறைந்தபின்னும் சிறுநீரில் ஹார்மோன் சிறிது எஞ்சியிருந்தது. அது முற்றும் நீங்கும்வரை மருந்து கொடுக்கவேண்டும் என்றார் லீ. நலமாய்த் தோன்றும் நோயாளிக்குக் கடும் மருந்தைத் தொடர்வது தகாது என்று கருதினர் மேலிடத்தார். 1957-இல் லீ பதவியை இழந்தார். பின்னர் நிகழ்ந்தது யாது? இடையில் மருந்தை நிறுத்தியவர்களிடம் நோய் திரும்பியது. ஹார்மோன் நீங்கும்வரை மருந்து பெற்றோர் பிழைத்தனர். 1972-இல் லீக்கும் ஹெர்ட்சுக்கும் லாஸ்கர் விருது வழங்கப்பெற்றது.

லீ கண்ட நெறியே இன்றைய கண்காணிப்பின் உயிர்நாடி. பிரிட்டனில் 1973 முதல் இந்நோயுற்ற பெண்கள் தேசிய அளவில் பதிவு செய்யப்படுகின்றனர். அவர்தம் மாதிரிகள் அஞ்சல்வழிச் சோதனை நிலையங்களை அடைந்தன. முழு முத்துப்பிள்ளை கண்ட நூறு பேரில் ஏறத்தாழ 15 பேருக்கு மேற்கொண்டு மருந்து தேவைப்படுகிறது. உரிய காலத்தில் கண்டால், ஏறக்குறைய அனைவரும் குணமடைகின்றனர்.

ஹார்மோன் இயல்பு நிலைக்கு வரும்வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பின்னர்ச் சில மாதங்கள் மருத்துவர் குறிக்கும் இடைவெளியிலும் சோதனை நடைபெறும். அதுவரை மீண்டும் கருவுறாதிருத்தல் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. புதுக் கருவும் அதே ஹார்மோனைச் சுரக்கும். நோய் எது, கரு எது என்று பிரித்தறிதல் அரிதாகிவிடும். காத்திருப்போர் அஞ்சவேண்டுவதில்லை. அடுத்த கருப்பம் நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கும் மேலாக முத்துப்பிள்ளையாவதில்லை.

குழந்தையை இழந்த துயரோடு மாதந்தோறும் சோதனைக்குச் செல்வது எளிதன்று. உடல் தேறிவிட்டதே, இனி எதற்கு என்ற எண்ணம் எழுவதும் இயல்பே. ஆனால் 1957-இல் அறிஞர்களையே ஏமாற்றியது அந்தத் தோற்றந்தான். உடல் தேறிய பின்னும் ஹார்மோன் அளவைப் பார்ப்பதே காவல்.