பூனை எய்ட்ஸ் தடுப்பூசி: வென்றும் தோற்ற ஒரு வரலாறு

எய்ட்ஸ் தடுப்பூசி குறித்த விவாதங்களில் ஒரு கூற்று அடிக்கடி தலைகாட்டும். "எச்.ஐ.வி. சார்ந்த லென்டிவைரஸ் குடும்பத்துக்கு எதிராக எந்தத் தடுப்பூசியும் நடைமுறைக்கு வந்ததே இல்லை" என்பதே அது. இது பிழையான கூற்று. சீனாவில் குதிரைகளுக்கு ஒரு தடுப்பூசி பயன்பட்டது. அமெரிக்காவில் பூனைகளுக்கு ஒன்று உரிமம் பெற்று, பல ஆண்டுகள் விற்பனையிலும் இருந்தது. பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. இந்த இரண்டாவதன் வரலாறு பரவலாக அறியப்படவில்லை. அறிவியல் வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர்களுக்காக அதை இங்கே பதிவு செய்கிறேன்.

கலிபோர்னியாவின் பெட்டலூமா என்னும் ஊரில் பல பூனைகளை ஒன்றாக வைத்து வளர்த்த இடம் ஒன்று இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் அங்கே ஒரு கூண்டறையில் மட்டும் பூனைகள் ஒன்றன்பின் ஒன்றாக மெலிந்து மடிந்தன. பூனைகளின் எதிர்ப்புத் திறனைக் குலைப்பதாக அன்று அறியப்பட்டிருந்த முதன்மையான வைரஸ், 1964-இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் கண்டறிந்த பூனை இரத்தப்புற்று வைரஸ். ஆனால் பெட்டலூமாப் பூனைகளில் அதன் சுவடே இல்லை. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பீடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் 1986-இல் அவற்றின் இரத்தத்திலிருந்து புதியதொரு வைரஸைப் பிரித்தெடுத்தனர். நலிவுற்ற 25 பூனைகளில் 10-இல் அதற்கான எதிர்ப்பொருள் இருந்தது. நலமாயிருந்த 18-இல் ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. 1987-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான அந்த ஆய்வு, இவ்வைரஸ் மனிதருக்குத் தொற்றுவதற்குச் சான்றில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. இதுவே பின்னாளில் 'பூனை எதிர்ப்புத்திறன் குறைப்பு வைரஸ்', சுருக்கமாக எஃப்.ஐ.வி., எனப் பெயர் பெற்றது.

இந்த நோய் புதியதன்று என்பது விரைவிலேயே புலப்பட்டது. 1960களின் இறுதியில் சேமிக்கப்பட்ட பூனை இரத்த மாதிரிகளிலும் அதன் தடயம் கிடைத்தது. பெரும்பாலும் கடிகாயங்களின் வழியாகவே இது பரவுகிறது. எனவே எல்லைக்காகவும் துணைக்காகவும் சண்டையிடும் கடுவன் பூனைகளே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. தொற்றிய பூனை பல ஆண்டுகள் நலமாகவே வாழலாம். சிலவற்றில் மட்டும் எதிர்ப்பு அணுக்கள் படிப்படியாகக் குறைந்து, ஈறு அழற்சியும் எடையிழப்பும் பிற தொற்றுகளும் தலைதூக்கும்.

இந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்த காலத்தை நினைவிற்கொள்ள வேண்டும். எய்ட்ஸ் தடுப்பூசி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் சோதனைக்குத் தயாராகும் என்று அமெரிக்கச் சுகாதாரத் துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர் 1984-இல் நம்பிக்கை தெரிவித்திருந்தார். அந்த நம்பிக்கை கரைந்துகொண்டிருந்த வேளையில்தான் பூனை ஆய்வுக்கூடத்துள் நுழைந்தது. இயற்கையாகவே தன் இனத்துக்குரிய லென்டிவைரஸால் நோயுறும் சிறு விலங்கு அது. குரங்குகளைவிடப் பராமரிக்க எளியது. ஆய்வாளர்கள் அதை ஒரு வழிகாட்டியாகக் கண்டதில் வியப்பில்லை.

ஆனால் முதற்கட்ட முயற்சிகள் பல தோற்றன. வைரஸின் புறவுறைப் புரதத்தை மட்டும் தனியே எடுத்துச் செலுத்தும் முறை அன்றைய மரபணுத் தொழில்நுட்பத்தின் பெருமிதம். அது பூனைகளைக் காக்கவில்லை. இன்னும் கவலைக்குரிய செய்தி, சில சோதனைகளில் ஊசி போட்ட பூனைகளிடத்திலேயே தொற்று விரைந்து பரவியது. 1992-இல் கிளாஸ்கோ குழுவும், 1995-இல் நெதர்லாந்துக் குழுவும் இதைப் பதிவு செய்தன. தடுப்பூசியே நோய்க்குத் துணைபோகலாம் என்ற எச்சரிக்கை அது.

யமமோட்டோ தேர்ந்தது பாஸ்டர் காலத்துப் பழைய பாதையை: முழு வைரஸையும் வைரஸ் தொற்றிய உயிரணுக்களையும் செயலிழக்கச் செய்து ஊசியாகச் செலுத்துவது. 1991-இல் இம்முறை பூனைகளைக் காத்ததாக அவர் குழு அறிவித்தது. எனினும் எஃப்.ஐ.வி. பல உட்பிரிவுகளாகப் பிரிந்து கிடக்கும் வைரஸ். ஒன்றுக்கு எதிரான காப்பு மற்றொன்றிடம் செல்லாமற் போகலாம். ஆகவே ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்த யமமோட்டோ, 'ஏ' உட்பிரிவைச் சேர்ந்த பெட்டலூமா வைரஸையும், 'டி' உட்பிரிவைச் சேர்ந்த ஜப்பானின் ஷிசுவோகா வைரஸையும் இணைத்தார். இவ்வாறு உருவான 'ஃபெல்-ஓ-வேக்ஸ் எஃப்.ஐ.வி.' 2002-இல் அமெரிக்க வேளாண் துறையின் உரிமம் பெற்று, ஃபோர்ட் டாட்ஜ் நிறுவனத்தால் சந்தைக்கு வந்தது. முதலில் மூன்று தவணை, பிறகு ஆண்டுக்கொரு முறை என்பது முறைமை. பின்னர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளுக்கும் சென்றது.

சிக்கல் எழுந்தது ஆய்வுக்கூடத்தில் அன்று. பூனைக் காப்பகங்களின் வாயிலில். எஃப்.ஐ.வி. தொற்றை அறிய அன்று வழக்கிலிருந்த எளிய சோதனைகள் வைரஸைத் தேடுவதில்லை, எதிர்ப்பொருளைத்தான் தேடும். முழு வைரஸால் ஆன தடுப்பூசியும் அதே எதிர்ப்பொருள்களைத்தான் உண்டாக்கும். ஆகவே ஊசி போட்ட பூனையும் நோயுற்ற பூனையும் சோதனையில் ஒன்றாகவே தோன்றின. ஊசி போட்ட தாயிடம் சீம்பால் குடித்த குட்டிகளும் அவ்வாறே தோன்றின. தொற்று உறுதியானால் கருணைக்கொலை என்பது பல காப்பகங்களில் அன்று நடைமுறை. வீட்டைவிட்டு வழிதவறிக் காப்பகம் சேர்ந்த பூனை தான் ஊசி போட்டுக்கொண்டதைச் சொல்லவா முடியும்? காப்பதற்காகச் செலுத்தப்பட்ட ஊசியே உயிருக்கு எதிரான சாட்சியாகிவிடும் நிலை. ஊசி போட்ட பூனைக்கு மைக்ரோசிப் பொருத்துமாறு மருத்துவர்கள் வலியுறுத்தியது இதனால்தான்.

காப்பின் வலிமை குறித்தும் ஐயங்கள் எழுந்தன. 2006-இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் அங்கே கிடைத்த வீரியமிக்க வைரஸ் வகையொன்றை எதிர்கொள்ளச் செய்தபோது ஊசி காக்கவில்லை. அதுவும் 'ஏ' உட்பிரிவே என்பது கருதத்தக்கது. 2016-இல் வெளியான ஆஸ்திரேலியக் கள ஆய்வு காப்புத்திறனை 56 விழுக்காடு என மதிப்பிட்டது. அந்த எண்ணும் புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. 2015-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தத் தடுப்பூசி நிறுத்தப்பட்டது. விந்தை என்னவெனில், ஊசி போட்ட பூனையையும் தொற்றுற்ற பூனையையும் வேறுபடுத்திக் காட்டக்கூடிய சில உடனடிச் சோதனைக் கருவிகளைச் சிட்னி ஆய்வாளர்கள் அடையாளம் காட்டியதும் அதே ஆண்டில்தான்.

இவ்வரலாற்றை வெறும் தோல்வி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. லென்டிவைரஸுக்கு எதிராக ஓரளவேனும் காப்பு இயலும் என்பதை அது காட்டியது. அதோடு, தடுப்பூசியின் பயன் அதன் குப்பிக்குள் மட்டும் அடங்கியதன்று என்பதையும் உணர்த்தியது. சோதனைமுறை, பதிவேடு, காப்பக விதி ஆகியவை உடன் வளராதபோது நல்ல நோக்கமும் தீங்காய் முடியலாம். தொற்றுற்ற பூனையும் நெடுங்காலம் வாழக்கூடியது, சோதனை முடிவு ஒன்றையே கொண்டு அதைக் கொல்லலாகாது என்று கால்நடை மருத்துவ வழிகாட்டு நெறிகள் இன்று கூறுகின்றன. அந்தத் தெளிவு சற்று முன்னரே காப்பகங்களைச் சென்றடைந்திருந்தால், தடுப்பூசி போட்டுக்கொண்ட பூனைகளும் அத்தகைய அச்சத்துக்கு ஆளாகியிருக்க வேண்டியதில்லை.