கோந்தும் கத்தரியும்

வக்கீல் ஆபீசில் புதிதாகச் சேரும் குமாஸ்தாவிடம் யாரும் பிராது எழுதச் சொல்ல மாட்டார்கள். கேஸ் கட்டு கட்டு, மைதாப் பசை காய்ச்சு என்பார்கள். மாயவரத்தில் எனக்கும் அதுதான். அரசிதழிலும் சட்டப் பத்திரிகையிலும் வரும் திருத்தங்களைக் கத்தரித்து, புத்தகத்தில் அந்தந்தப் பிரிவின் மேல் ஒட்ட வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. சீட்டின் இடது ஓரத்தில் மட்டும்தான் பசை தடவலாம். முழுக்க ஒட்டினால் சீனியருக்குக் கோபம் வந்துவிடும். சீட்டைத் தூக்கினால் அடியில் பழைய வாசகம் தெரிய வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் நடந்த கிரயத்துக்கு அன்றைய சட்டம்தானே பொருந்தும்? சில பிரிவுகளில் சீட்டின் மேல் சீட்டு ஏறிப் புத்தகம் உப்பிப்போய், மூடினால் மூடாது.

சட்டம் ரகசியமில்லை. இருநூறு வருஷமாக அச்சில் இருக்கிறது. ஆனால் எந்தப் புத்தகம், எந்தத் தேதி வாசகம், அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று சொல்ல எப்போதும் ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் காலத்துக்குக் காலம் மாறினான், அவ்வளவுதான்.

1802இல் சென்னை மாகாணத்துக்கு ரெகுலேஷன்கள் வந்தன. ஜில்லாக் கோர்ட்டுகள், அவற்றுக்கு மேலே சதர் அதாலத் என்று ஏற்பாடு. வாரிசு, தத்து, பாகப்பிரிவினை என்று வந்தால் இந்துவுக்கு சாஸ்திரம், முஸ்லிமுக்கு ஷரீஅத். சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று வெள்ளைக்கார ஜட்ஜுக்கு எடுத்துச் சொல்ல கோர்ட்டிலேயே பண்டிதர் இருப்பார். கிரிமினல் வழக்கு இஸ்லாமியச் சட்டப்படி நடந்தது. ரெகுலேஷன்கள் அங்கங்கே அதைத் திருத்தியிருந்தன. காஜியும் முஃப்தியும் ஃபத்வா எழுதிக் கொடுப்பார்கள். அதே காலத்தில் சென்னைப் பட்டணத்துக்குள், 1801இல் வந்த சுப்ரீம் கோர்ட்டில், இங்கிலாந்துச் சட்டம். கொலை பட்டணத்து எல்லைக்கு உள்ளே நடந்தால் ஒரு சட்டம், நாலு மைல் தள்ளி நடந்தால் வேறு சட்டம். குடியானவனுக்கு இதில் என்ன புரிந்திருக்கும்?

இதை ஒழித்தது மெக்காலே தொடங்கிவைத்த தண்டனைச் சட்டம். அவர் தலைமையில் 1837இல் தயாரான நகல் இருபது வருஷத்துக்கு மேல் கிடப்பில் கிடந்து, 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. 511 பிரிவுகள். மெக்காலேயைத் திட்ட நமக்கு எத்தனையோ காரணம் உண்டு. எழுத்து மட்டும் தெளிவு. ஒவ்வொரு குற்றத்தையும் விளக்க அடியிலேயே உதாரணக் கதைகள் வைத்தார்கள். திருட்டுக்கு ஒன்று: அடுத்தவன் நாய்க்குப் பிடித்த தீனியை ஒருவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறான். நாயைக் கவர்ந்துபோகும் எண்ணம் அவனுக்கு இருந்தால், நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கிய அந்த நொடியே திருட்டு முடிந்துவிட்டது. நாயைத் தொட வேண்டியதுகூட இல்லை. இதைக் கேட்ட கட்சிக்காரர் யாரும் திருட்டு என்றால் என்ன என்று மறுபடி என்னைக் கேட்டதில்லை.

அதே 1862இல் சதர் கோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் ஒன்றாகி ஹைகோர்ட் வந்தது. 1864இல் பண்டிதர், காஜி உத்தியோகங்களை எடுத்துவிட்டார்கள். சட்டம் இனி ஜட்ஜுக்கே தெரியும் என்று வைத்துக்கொண்டார்கள். எல்லாம் புத்தகத்துக்குள் வந்தாயிற்று. புத்தகம் இங்கிலீஷில்.

எங்கள் ஊர்ப் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளை உள்ளே வருவது இந்த இடத்தில்தான். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அவர் செய்த வேறொரு காரியத்தைக் கோர்ட்டு வளாகத்தில்கூட யாரும் பேசுவதில்லை. குளத்தூரில் 1826இல் பிறந்தவர், திருச்சி கோர்ட்டில் பதிவறையிலும் மொழிபெயர்ப்பிலும் வேலை பார்த்து, 1857இல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். பிறகு சீர்காழி, மாயவரம். 1805 முதல் 1861 வரை சதர் கோர்ட்டு கொடுத்த தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி, சித்தாந்த சங்கிரகம் என்று 1862இல் அச்சிட்டார். தண்டனைச் சட்டம் நடப்புக்கு வந்த அதே வருஷம். 56 வருஷத் தீர்ப்புகள்! பகலில் சாட்சி விசாரித்துத் தீர்ப்பு எழுதும் மனுஷன் இதற்கு எப்போது உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். நாவலிலும் அவர் சும்மா இருக்கவில்லை. ஜனங்களுக்குத் தெரியாத பாஷையில் கோர்ட்டு நடப்பதைக் கதைக்குள்ளேயே வைத்து விளாசியிருக்கிறார். முன்சீப்பாக இருந்தவர் சொன்னதால் அதற்கு எடை அதிகம்.

கீழ்க்கோர்ட்டில் தமிழ் பிற்பாடு சட்டப்படியே வந்தது. 1956 ஆட்சிமொழிச் சட்டம், அதன் பிந்தைய திருத்தங்கள் காரணமாக வாக்குமூலமும் தீர்ப்பும் தமிழில் இருக்க வழியுண்டு. அப்பீல் என்று சென்னைக்குப் போனால் கட்டு முழுவதையும் இங்கிலீஷில் தட்டெழுதி அனுப்ப வேண்டும். அந்தத் தட்டெழுத்துக் கூலியில் படித்த பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

பண்டிதர் எழுந்துபோன இடத்தில் குமாஸ்தா உட்கார்ந்தான் என்று சொன்னால் வக்கீல்கள் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் பாதி உண்மை. சீனியர் வீட்டு முன்னறையில் 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலின் தோல் பைண்டு வால்யூம்கள் கூரை வரை நிற்கும். வருஷம், வால்யூம், பத்திரிகையின் சுருக்கப் பெயர், பக்கம் என்று நாலையும் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். நாங்கள் ஏணி போட்டு எடுக்க வேண்டும். தீர்ப்பின் தலையிலுள்ள சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வாதாடப் போகிறவனை அவர் ஏளனமாகப் பார்ப்பார். அந்தச் சுருக்கம் பத்திரிகைக்காரன் எழுதியது, ஜட்ஜ் எழுதியது இல்லை. பிற்பாடு அந்தத் தீர்ப்பை மேல்கோர்ட்டு கவிழ்த்ததா என்று பார்க்காமல் புத்தகத்தை மூடவும் விட மாட்டார்.

இதில் பலரும் தடுமாறுவது டில்லிச் சட்டமும் சென்னைச் சட்டமும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடப்பதில்தான். வழக்கு எப்படிப் போடுவது என்று சொல்வது 1908 சிவில் நடைமுறைச் சட்டம், மத்திய சட்டம். அந்த வழக்குக்கு எவ்வளவு கோர்ட் ஃபீஸ் கட்டுவது என்று சொல்வது 1955ஆம் வருஷத்து மாநிலச் சட்டம். பண வசூல் வழக்கானால் நூற்றுக்கு ஏழரை ரூபாய். கடன் கொடுத்து ஏமாந்தவனுக்கு ஏழரை பிடித்தது போதாதென்று கோர்ட்டிலும் ஏழரை என்று நாங்களே சிரிப்போம். 2017இல்தான் அது மூன்றாக இறங்கியது. கடையில் வாங்கிய மத்தியச் சட்டப் புத்தகத்தைத் தலைகீழாக மனப்பாடம் செய்தாலும் இந்த ஏழரையும் மூன்றும் அதில் கிடைக்காது.

பெண்களின் சொத்துரிமை இதைவிடச் சிக்கல். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு தனியாக ஒரு திருத்தம் செய்தது. 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு; ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான மகளுக்கு இல்லை. புத்தகத்தில் இது மூலப் பிரிவின் கீழே, மாநிலத் திருத்தம் என்ற தலைப்பில், பொடி எழுத்தில் இருக்கும். ஒரு வீட்டிலிருந்து அக்காவும் தங்கையும் சேர்ந்து வந்தார்கள். அக்காவுக்கு 1989 தை மாசம் முகூர்த்தம், தங்கைக்கு அதே வருஷம் ஆவணியில். தங்கைக்குப் பங்கு உண்டு, உங்களுக்கு இல்லையம்மா என்று சீனியர் சொன்னார். "ரெண்டு பத்திரிகையும் ஒரே அச்சாபீசுலதான்யா அடிச்சோம்" என்றார் அக்கா. சீனியர் பதில் சொல்லாமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 2005 செப்டம்பர் 9இல் மத்தியச் சட்டமே மாறி கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதம் போயிற்று. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓய்ந்தபாடில்லை. வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 ஆகஸ்டில் முடித்துவைத்தது.

2024 ஜூலை 1இல் கிரிமினல் பக்கம் மொத்தமும் புரண்டது. 511 பிரிவு தண்டனைச் சட்டம் போய் 358 பிரிவுகளோடு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. குற்ற நடைமுறைக்கும் சாட்சியத்துக்கும் தனித்தனியாகப் புதுச் சட்டங்கள். ஊரில் யாரும் ஏமாற்றுக்காரனை 318 என்று கூப்பிடப் போவதில்லை. அவன் 420 ஆகவே இருப்பான். ஆனால் கோர்ட்டில் 302 என்று எழுதினால் அது இப்போது கொலை இல்லை, மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. கொலை 103க்குப் போய்விட்டது. 144 தடையுத்தரவு 163 ஆகிவிட்டது. அதற்காகப் பழைய புத்தகத்தை எடைக்குப் போட முடியாது. ஜூன் 30 வரை நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். அன்றைக்கு நிலுவையிலிருந்த விசாரணையும் பழைய நடைமுறைப்படிதான் நடந்து முடிய வேண்டும்.

போன மாசம் சீனியரின் பேத்தி, புதிதாக வக்கீலாகப் பதிந்தவள், ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா, இதுக்கு 482 போடலாமா?"

"எந்த 482 பாப்பா? பழசுன்னா எஃப்.ஐ.ஆரை ரத்து பண்ணச் சொல்லி ஹைகோர்ட்டு போகணும். புதுசுன்னா முன்ஜாமீன், இங்க செஷன்ஸ் கோர்ட்டுலயே போடலாம். சம்பவத் தேதியைச் சொல்லு, கட்டு எப்ப பதிவாச்சுன்னும் பாரு."