சர்வகலாசாலையில் எம்மொழி?

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய நம் முன்னோருள் பெரும்பாலோர் சர்வகலாசாலை என்னும் சொல்லையே கேட்டறியாதவர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டுமென 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது உண்மையே. ஆயின் அப்பள்ளியோ ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. அதற்குமேற் செல்ல ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலமோ நகரத்தில் இருந்தது. 1919-இல் இவ்வூரிற் பிறந்த வீ. தி. சம்பந்தன் கடல் கடந்து சிதம்பரத்து அண்ணாமலை சர்வகலாசாலைக்குச் சென்று படித்தார் எனின், அவர் ரப்பர்த் தோட்டம் உடையவரின் மகன் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1949 அக்டோபர் 8-ஆம் நாள் சிங்கப்பூரில் மலாயா சர்வகலாசாலை தோன்றிற்று. சில ஆண்டுகளில் அங்கே இந்தியப் பகுதி ஒன்று அமைக்கும் பேச்சு எழுந்தது. எழவே, அதில் முதன்மையாகக் கற்பிக்கத்தக்க மொழி எது என்ற வினாவும் உடன் எழுந்தது. ஆலோசனை கூற அழைக்கப்பட்ட சரித்திர அறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் சமஸ்கிருதத்தையே பரிந்துரைத்தார்.

சமஸ்கிருதத்திற்கு இந்நாட்டில் இடமில்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. மலாய்க்காரர் தம் மொழியைக் குறிக்க வழங்கும் ‘பஹாசா’ என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். ஆனால் கடை ‘கெடாய்’ என்றும், கப்பல் ‘காப்பால்’ என்றும், வியாபாரத்திற்குப் போடும் முதல் ‘மோடால்’ என்றும் அதே மலாயில் வழங்குகின்றனவே, அவை எங்கிருந்து வந்தன? சுமத்திராவில் பரூஸ் அருகே கிடைத்த, 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் கல்வெட்டு தமிழிலேயே உள்ளது. அதைப் பற்றி 1932-இலேயே ஆராய்ந்து எழுதியவர் யார் தெரியுமோ? அதே சாஸ்திரியார்தான்! தமிழ் வணிகர் இக்கடலில் உலவியதை உலகுக்கு எடுத்துக் காட்டியவரே, தமிழர் பெருகி வாழும் நாட்டின் சர்வகலாசாலையில் தமிழுக்கு முதலிடம் தராது விட்டது நமக்கு வியப்பையே தருகின்றது.

தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இதை எதிர்த்துக் கிளர்ச்சி தொடங்கினார். எழுதியதோடு நில்லாமல், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியையும் திரட்டினார். நகரத்துக் கடைக்காரரிடமிருந்தும் தோட்டத்துத் தொழிலாளரிடமிருந்தும் சிறு தொகைகளாகச் சேர்ந்த பணம் அது. சர்வகலாசாலையில் தமிழ் நூல்கள் வாங்கப் பயன்பட்டது. தம் பிள்ளைகள் ஏற முடியாத படிகளைக் கொண்ட மாளிகைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர் அவருள் எத்துணை பேரோ! 1956-இல் இந்தியப் பகுதி அமைந்தது. தமிழே அதன் முதன்மை மொழியாயிற்று. 1959-இல் அப்பகுதி கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது.

இன்று அதே மலாயா சர்வகலாசாலையின் மொழிப் பகுதியிற் சேரும் நம் பிள்ளைக்கு முன் அரபு, சீனம், ஜப்பான், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், இத்தாலியம் ஆகியவற்றோடு தமிழும் ஒரே வரிசையில் நிற்கின்றது. வீட்டு மொழி அயல்மொழிகளின் பந்தியில் இலைபோட்டு அமர்ந்திருப்பது சிலருக்குக் கசக்கிறது. வேறு சிலரோ, ஜப்பான் மொழி பயிலும் தமிழ்ப் பெண்ணைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். இவ்விருவர் பக்கமும் நாம் சேர்வதற்கில்லை.

1961-இல் அவ்விந்தியப் பகுதியின் தலைமையை ஏற்ற தனிநாயக அடிகளை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தவராகிய அவர் முதலில் ரோமாபுரியில் குருத்துவக் கல்வி பயின்றார். அதன் பின்னரே அண்ணாமலை சர்வகலாசாலையில் முறையாகத் தமிழ் கற்றார். இத்தாலியம், போர்த்துகீசியம் முதலிய மொழிகளை அறிந்த கண்ணோடு ஐரோப்பிய நூலகங்களைத் துருவினார். 1679-இல் மலையாளக் கரையின் அம்பலக்காட்டில் அச்சான, அந்தாவோ தெ புரோவென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி வாத்திக்கன் நூலகத்தில் இருந்தது. அடிகள் அதைப் படியெடுத்து, முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடிய 1966-ஆம் ஆண்டிலேயே, அதே நகரில், அதே இந்தியப் பகுதியின் வெளியீடாக மறுபடி பதிப்பித்தார்.