ஒரு சங்கிலி, பல சாவிகள்

எங்க பரளச்சிப் பக்கம் ஐப்பசி பிறந்துட்டா ஊருக்கு ஊர் ஒரே விசாரிப்புதான்: "மேலக் கண்மாய் மறுகா போயிருச்சா?" மேலே உள்ள கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தால்தான் கீழே உள்ளதற்கு வரத்து. குண்டாற்றையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பிக் கிடக்கும் இந்தக் கரிசல் பூமியில் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல, ஒரே சங்கிலி. காலநிலைக் கொள்கையை இங்கே யார் நடத்துவது என்ற கேள்விக்கு, அந்தச் சங்கிலி துண்டான வரலாற்றிலிருந்துதான் பதில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

1803-இல் ராமநாதபுரம் சமஸ்தானம் ஜமீனானது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பெரும்பகுதி அதற்குள் இருந்தது. கண்மாய்ப் பராமரிப்பு ஜமீன் பொறுப்பு. கரைக்கு மண் போடுவதும் வரத்துக்கால் வெட்டுவதும் குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் வேலை. 1858-இல் சென்னை மாகாணத்துக்கு இது சட்டமாக்கப்பட்டது: வேலைக்கு வராதவர், அந்த வேலையின் மதிப்பைப் போல இரு மடங்கு கட்ட வேண்டும். பழைய ஏற்பாடு பொற்காலம் ஒன்றும் இல்லை. மண் சுமந்தவருக்கெல்லாம் மடைத் தண்ணீரில் பங்கு இருந்ததா என்று சாதியைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச முடியாது.

1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் கண்மாய்கள் அரசிடம் வந்தன. அரசு என்றால் எந்த அரசு? ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுப்பணித்துறை (இப்போது நீர்வளத்துறை), அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். பெரிய கண்மாயின் மறுகால் சின்னக் கண்மாய்க்குள் விழும் இடத்திலேயே அலுவலகம் மாறிவிடும். நிலம் வருவாய்த்துறையுடையது. வண்டல் அள்ள அரசு அனுமதி வேண்டும். வரத்துக்காலைத் தூர்வாரும் நூறு நாள் வேலை மட்டும் ஊராட்சிக்கு.

1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம், அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கான 29 துறைகளைப் பட்டியலிட்டது. சிறுபாசனம் அதில் ஒன்று. பட்டியலில் இருக்கு, சாவி கைக்கு வரலை.

2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஒரு இயக்கம் என்பது ஏற்பாடு. பல துறைகளை ஒரே மேசைக்குக் கூட்ட ஆட்சியரால் முடியும், அது நல்லதுதான். ஆனால் பத்து நாள் மழை ரெண்டே நாளில் கொட்டும்போது எந்தக் கலுங்கு தாங்கும், எந்தக் கால் சீமைக்கருவேலம் மண்டி அடைபட்டிருக்கு என்பது மேசைக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியும். அந்த ஊரின் குரலான ஊராட்சிக்கு, 2019-இல் விருதுநகர் உட்பட 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது.

மேலிருந்து கீழே ஒருங்கிணைப்பது இங்கே புதிதல்ல. ஜமீனும் அதைத்தான் செய்தது. நமக்கு வேண்டியது கண்மாய் வரிசைப்படியான ஒருங்கிணைப்பு. ஒரே சங்கிலியில் இருக்கும் ஊர்களின் கிராம சபைகள் மழைக்கு முன் சேர்ந்து உட்கார வேண்டும். எந்தக் காலை முதலில் திறப்பது, எந்தக் கரையைப் பலப்படுத்துவது என்று அவர்கள் போடும் தீர்மானம், ஒன்றியத்தையும் நீர்வளத்துறையையும் கட்டுப்படுத்த வேண்டும். பணமும் அந்தத் தீர்மானத்தின் பின்னால் வர வேண்டும். இல்லாவிட்டால் திட்டம் மாவட்டத் தலைநகரில் இருக்கும், மழைத்தண்ணி கடலுக்குப் போகும், கடைசிக் கண்மாய்க்காரன் மட்டும் மேலே பார்த்து விசாரித்துக்கொண்டே இருப்பான்.