ராக்கி பட வீடியோ கேம்கள்

ராக்கி பட வீடியோ கேம்கள், சில்வெஸ்டர் ஸ்டலோன் எழுதி நடித்து 1976இல் வெளியான ‘ராக்கி’யில் தொடங்கும் குத்துச்சண்டைப் பட வரிசையையும், அதன் தொடர்ச்சியான ‘கிரீட்’ படங்களையும் தழுவியவை. குத்துச்சண்டைப் படங்களில் அதிக முறை கேமாக உருவெடுத்தது இந்த வரிசைதான்.

1983இல் கோலிகோவிஷன் கருவிக்கு வந்த ‘ராக்கி சூப்பர் ஆக்‌ஷன் பாக்ஸிங்’, மூன்றாம் படத்தின் ராக்கி – கிளப்பர் லாங் மோதலை மட்டும் எடுத்துக்கொண்டது. 1987இல் சேகா மாஸ்டர் சிஸ்டத்தில் வெளியான ‘ராக்கி’ இன்னும் விரிவானது. அப்போலோ கிரீட், கிளப்பர் லாங், இவான் டிராகோ ஆகிய மூவரையும் அடுத்தடுத்து வெல்ல வேண்டும். ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் ஒரு பயிற்சிக் கட்டம் உண்டு. ராக்கி படங்களின் உயிர் பயிற்சிக் காட்சிகளில்தான் இருக்கிறது என்பதை உணர்ந்த அமைப்பு இது. ஆனால் முதல் படத்தில் ராக்கி, கிரீட்டிடம் புள்ளிக் கணக்கில் தோற்றுப்போகிறான். பதினைந்து சுற்றும் தாக்குப்பிடித்ததுதான் அவன் பெருமை. கிரீட்டை வீழ்த்தினால்தான் அடுத்த கட்டம் என்று வைத்த இந்த கேமில் அந்தத் தோல்வியின் கனத்துக்கு இடமே இல்லை.

யூபிசாஃப்ட் 2002இல் வெளியிட்ட ‘ராக்கி’ முதல் ஐந்து படங்களையும் வரிசையாகத் தொடர்ந்தது. 2004இல் வந்த ‘ராக்கி லெஜண்ட்ஸ்’, எதிராளிகளின் பக்கமிருந்தும் ஆடவிட்டது. 2007இல் பிஎஸ்பி கருவிக்கு ‘ராக்கி பால்போவா’ வெளியானது.

சர்வியாஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘கிரீட்: ரைஸ் டு குளோரி’ இவற்றில் தனித்து நிற்கிறது. மெய்நிகர் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு, ‘கிரீட்’ படங்களின் நாயகன் அடோனிஸ் கிரீடாக நம் கைகளையே வீசிக் குத்த வேண்டும். இடைவிடாமல் குத்தித் தள்ளினால் திரையில் தெரியும் கையுறைகள் சோர்ந்து, நம் கைகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கும். சோர்வு தணியும்வரை தற்காப்பில் நிற்பதே வழி. எதிராளி வீழ்த்திவிட்டால் பார்வை உடலை விட்டுத் தொலைவில் எறியப்படும். நடுவர் எண்ணி முடிப்பதற்குள் கைகளை வீசி ஓடி உடலுக்குத் திரும்ப வேண்டும். அடிபட்டவன் எழுந்து நிற்பதையே வீரமாகக் காட்டும் படங்களுக்கு இதைவிடப் பொருத்தமான விதி அமைவது அரிது.

2021இல் அதே நிறுவனம் ‘பிக் ரம்பிள் பாக்ஸிங்: கிரீட் சாம்பியன்ஸ்’ என்ற ஆர்கேட் பாணி கேமைக் கொண்டுவந்தது. ‘ரைஸ் டு குளோரி’யின் விரிவாக்கப்பட்ட சாம்பியன்ஷிப் பதிப்பு 2023இல் வெளியானது. இந்த வரிசையில் ஒன்றை மட்டும் ஆடிப்பார்க்க நினைப்பவர் இந்தப் பதிப்பையே தேர்ந்தெடுக்கலாம்.