கண்ணுக்குப் புலனாகாத பாரம்

கிள்ளான் தெங்கு கிளானா சாலை நகைக்கடைகளில் பொன்னை நிறுக்கத் தராசு உண்டு. பல நூறு விண்மீன் மண்டலங்கள் ஒருங்கு திரண்ட கொத்தினை நிறுக்கத் தராசு ஏது? இவ்வினாவிற்கு மாந்தர் விடை தேடிய வரலாறு நம் மாணவர் அறியத் தக்கது.

1933ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்து நாட்டினரான பிரிட்ஸ் சுவிக்கி, கலிபோர்னியாவில் பணியாற்றுகையில், கோமா என்னும் கொத்தினை ஆராய்ந்தார். அதன் மண்டலங்கள் மிக விரைந்து அலைவதைக் கண்டார். அத்துணை விரைவில் ஓடுவன சிதறாமல் கட்டுண்டிருக்க வேண்டுமாயின், அவற்றைப் பிணைக்கும் பொருண்மை, ஒளிரும் பொருளினும் பன்மடங்கு மிகுந்திருத்தல் வேண்டும். புலனாகாத அப்பொருளைக் கரும்பொருள் என்றார். நெடுங்காலம் அவர் கூற்றினைப் பொருட்படுத்தினார் சிலரே.

விரைவு முதல் தராசு எனில், வெப்பம் இரண்டாவது தராசு எனலாம். கொத்தின் மண்டலங்களுக்கு இடையே கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயு நிறைந்து எக்ஸ் கதிர் வீசுகிறது. அவ்வாயு வெளியேறாமல் நிற்பதற்கு எவ்வளவு ஈர்ப்பு வேண்டுமெனக் கணக்கிட்டால் பொருண்மை விளங்கும். இக்கதிர்களைக் காண 1999 ஜூலை 23இல் ஏவப்பட்ட தொலைநோக்கியின் பெயர் 'சந்திரா'. தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, விண்மீன் ஆய்வுக்காக 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக இட்ட பெயர் அது.

மூன்றாவது தராசு ஒளியே. பொருண்மை ஒளியை வளைக்கும் என்பது ஐன்ஸ்டீன் கண்ட உண்மை. கொத்திற்குப் பின்னால் உள்ள மண்டலத்தின் ஒளி வளைந்து வருவதால், அது வில்லாக நீண்டும், ஒன்றே பலவாகவும் தோன்றும். அவ்வளைவுகளை அளந்தால், பொருண்மை எவ்வளவு என்பதோடு, எவ்வடிவில் பரவியுள்ளது என்பதும் தெளிவாகும்.

2006இல் 'புல்லட்' என்னும் கொத்தில் இவ்விரு தராசுகளும் ஒன்றுசேர்ந்தன. இரு கொத்துகள் மோதியதில் வாயு பின்தங்கிற்று. பெரும்பொருண்மையோ வாயுவை விட்டு முன்னே சென்றிருந்தது. சுவிக்கியின் கூற்றுக்கு இதனினும் வலிய சான்று அரிது.

கோயம்புத்தூரில் பிறந்து, ஏல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கும் பிரியம்வதா நடராஜன், ஒளிவளைவினால் கரும்பொருளுக்கு வரைபடம் வகுப்பவர். அவரும் பங்கேற்ற 2014ஆம் ஆண்டு ஆய்வு, ஹபிள் தொலைநோக்கியின் படங்களில் ஏறத்தாழ 200 வளைந்த உருவங்களைக் கணக்கிட்டு, 'மாக்ஸ் ஜே 0416' என்னும் கொத்தின் பொருண்மை 160 இலட்சம் கோடிச் சூரியன்களுக்கு நிகர் என அறிந்தது. அதன் வடிவமும் உருண்டையன்று. இரு மையங்களுடன் நீண்டு கிடப்பது.

ஆயினும் கணக்கு முடியவில்லை. 2020இல் அவரும் உடனாசிரியராக வெளியிட்ட ஆய்வு, கொத்துகளிலுள்ள சிறு திரள்கள், கணினிக் கணிப்பினும் பத்து மடங்குக்கு மேல் வலிமையாக ஒளியை வளைப்பதைக் காட்டிற்று. கரும்பொருள் யாதென்பதும் இன்றுவரை விளங்கவில்லை.

தமிழ்ப்பள்ளிச் சிறுவன் கிலோகிராமில் அளக்கக் கற்கும் 'பொருண்மை' என்னும் சொல்லே இவ்வரலாறு முழுவதற்கும் போதியதாக இருந்தது. அச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், அதனுள் விடை காணாத வினா ஒன்று உறங்குவதையும் எடுத்துரைப்பாராக. அதனை எழுப்பும் மாணவன் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ இன்று நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கலாமன்றோ?